சாய்ந்த கல்லும் கியரும்

உலகத்தில் வண்டியை ஒழுங்காகப் பின்னால் எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவன் வேலை தேடுகிற சாக்கில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊர் அவனை 'கியர்' என்றது. அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

சந்து முனையில் ஆளுயரக் கல் ஒன்று நின்றது. யார் நட்டது, எதற்கு நட்டது, ஒருவருக்கும் தெரியாது. வெள்ளம் வீடுகளைக் கொண்டுபோனபோதும் அது அசையவில்லை. ரோடு போட வந்தவர்கள்கூடப் பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் ரோட்டை வளைத்துக்கொண்டு போனார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறவர். வண்டியைப் பின்னால் எடுக்குமுன் தினமும் இறங்கிப் போய், குனிந்து, கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் கைவிட்டுப் பார்ப்பார்.

"என்ன மாமா, கல்லு எந்திரிச்சு நடந்திருக்குமோன்னு சந்தேகமா? நானா இருந்தா கண்ண மூடிட்டு எடுப்பேன்."

"நீ எடுப்பே மாப்ளே. கல்லுக்குத்தான் ஒதுங்கத் தெரியாது."

ஒரு மதியம் மாமா தூங்கும்போது கியர் சாவியை எடுத்தான். கண்ணைத் திறந்துகொண்டுதான் வண்டியைப் பின்னால் விட்டான். டங்கென்றது. வெள்ளத்துக்கு மசியாத கல், போதை ஏறியவன்போல் சாய்ந்து நின்றது. வண்டியைப் பழைய இடத்தில் விட்டுவிட்டு, சாவியை ஆணியில் மாட்டி, பாயில் விழுந்து குறட்டை விட்டான்.

சாயங்காலம் ஊரே கூடிவிட்டது. கல்லில் பால் வண்டியின் நீலப் பெயிண்ட் ஈஷியிருந்தது.

"குனிஞ்சு குனிஞ்சு பாத்த லட்சணம் இதுதானா?" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர்.

"நாளைலேருந்து வண்டிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் வண்டியின் சொந்தக்காரரான பால் பண்ணைக்காரர்.

மாமா பெயிண்டைப் பார்த்தார். கியரின் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கண்ணு தப்பிடுச்சு" என்றார்.

கியருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான்தான் இடிச்சேன்."

கூட்டம் சிரித்தது. "நீயா? கண்ண மூடிட்டே எடுக்கிற ஆளாச்சே!" தையல்காரர் அவன் முதுகைத் தட்டினார். "அக்கா புருஷனுக்காகப் பழிய ஏத்துக்கறான் பாருய்யா. தங்கமான பையன்."

"சத்தியமா நான்தான்!" அவன் கத்தக் கத்தத் தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போனது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நம்புங்க. மதியம் இவர் எங்கயும் போகல. இவன்தான் பாயில குறட்டை விட்டான். தூக்கத்துல இவனுக்குக் குறட்டையே வராது."

முதுகிலிருந்த கை மெதுவாக இறங்கியது. 

பண்ணைக்காரர் மாமாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "காலைல நீங்களே பாலுக்கு வந்துடுங்க. இப்ப கல்லுல கயித்தக் கட்டி இழுத்து நிமித்தலாம். வண்டியக் கிட்டக்கப் பின்னால கொண்டாங்க."

மாமா சாவியை நீட்டினார். "நீயே எடு மாப்ளே."

கியர் ஏறி உட்கார்ந்தான். இன்ஜினைப் போட்டான். உடனே இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் போய், குனிந்து, நடுவில் கையை விட்டான்.