கொடும்பாவிக்குக் கால்சட்டை கொடுத்தவன்

1

இந்தக் கதையில் வரும் கொடும்பாவிக்குக் கால்சட்டை கொடுத்தவன் நான். இதை ஐந்தாம் பக்கத்தில் வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் முதலில் திட்டம். ஐந்து பக்கம் வருமா என்பதே சந்தேகமாக இருப்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"1998 மார்ச் மாதம், சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் வானம்..." (வானம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினையே. அடித்துவிட்டேன்.)

"வறண்ட பூமி ஒரு தாயைப் போல..." (மன்னிக்கவும். காலையில் காப்பி குடிக்காமல் எழுதியது.)

விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் அங்கே, மலாக்கா பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. விடிகாலைப் பெரட்டில் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, செக்ரோலில் ஆள்கணக்கு எழுதுவது, மேனேஜர் இல்லாதபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுழல்வது ஆகியவை என் வேலைகள். வயது இருபத்தாறு. கதை எழுதுவேன் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வரிகூட எழுதியதில்லை.

2

தோட்டத்தின் கடைசி நிரையில், வயதான முப்பது ரப்பர் மரங்களுக்கு அடியில் ஒரு கூரை இருந்தது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மரங்களின் ஊடே, இடைவெளி விட்டு அடித்த பிளாஸ்டிக் தகடுகள். மழை பெய்தால் பாதி தண்ணீர் தரையைத் தொடாமல் தகட்டில் விழுந்து வாய்க்காலில் ஓடிவிடும். பக்கத்திலேயே கூரை இல்லாத இன்னொரு முப்பது மரம். மழை குறைந்தால் மண்ணும் மரமும் என்ன செய்கின்றன என்று பார்க்க, பதினோரு நாடுகளில், ஒரே அளவில், ஒரே மாதிரி கட்டிய கூரை. எல்லாரும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒப்பிட முடியுமாம்.

இதை எனக்கு விளக்கியவன் குகன். மலாக்கா டவுன் பையன், பட்டதாரி, அந்த ஆராய்ச்சியின் உள்ளூர் அதிகாரி. வாரம் இரண்டு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து என் குவாட்டர்ஸில் தங்குவான். அவன் வந்தால் ஆபீஸ் பெண்கள் எழுந்து நிற்பார்கள். நான் வந்தால் நிற்பதில்லை. (கால்சட்டை விவகாரத்துக்கு இது முக்கியம்.)

தினமும் அளந்தவர் பெரியநாயகி அக்கா. பால் வெட்டுகிற வேலைக்கு நடுவே, காலை ஏழு மணிக்குக் கூரைக்கு வெளியே இருக்கும் மழைமானியைப் பார்ப்பார். மண்ணில் நட்ட குழாய்க்குள் கருவியை இறக்கி ஈரம் படிப்பார். வலையில் விழுந்த இலைகளைப் பொறுக்கி நிறுத்து எழுதுவார். இரண்டு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். நாற்பத்தெட்டு வயதில், பால் வெட்டிக்கொண்டே விஞ்ஞானத்துக்கு உழைக்கும் பெண் என்றால் அரசாங்க விளம்பரப் படம் மாதிரி இருக்கிறதே, நம்புவீர்களா? ஒரு கெட்ட குணம் சேர்க்கலாம் என்று பார்த்தேன். சேர்க்கத் தேவையே இல்லை. அக்காவுக்கு மகா கர்வம். பெரட்டில் எல்லார் முன்னாலும் என் செக்ரோலை எட்டிப் பார்த்து, "தம்பி, கூட்டல் தப்பு" என்பார். தப்பாகத்தான் இருக்கும்.

பதினோரு நாட்டு ஊர்களும் அச்சான பட்டியல் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் எங்கள் வரிக்கு நேரே அவர் பெயர். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பொட்டு வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"வச்சா எழுத்து மறைஞ்சிரும்லா" என்றார்.

3

பிறகு உண்மையிலேயே மழை நின்றது. கூரைக்கு வெளியிலும் நின்றது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மரத்தில் பால் வற்றி, சம்பளம் பாதியானது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லோரியில் தண்ணீர் வந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கோ கொண்டாட்டம். இப்படி ஒரு வறட்சி கேட்டாலும் கிடைக்காது, இந்த மாதங்களின் கணக்குதான் உயிர், யாரும் கூரையைத் தொட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். கூரை இறங்கினால் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். இரண்டு வருட நோட்டுகளும் குப்பைதான்.

கோயில் தலைவர் வீராசாமி ஒரு கூட்டம் போட்டார்.

"மழைக்குக் கூரை போட்டு, உள்ள வராதன்னு சொன்னோம். அதான் வரல. சரிதான?"

"தலைவரே, அது வந்து ஆராய்ச்சிலா" என்றான் குகன்.

"எத்தன நாட்டுல போட்டிருக்கீங்க?"

"பதினொன்னு."

"அங்கல்லாம் மழ இருக்கா?"

குகன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "நாலஞ்சு நாட்டுல... இல்ல."

கூட்டம் முடிந்த மாதிரிதான். பாவி ஒருவனால் மழை நின்றால் அவனைப் போல வைக்கோல் பொம்மை செய்து, கொடும்பாவி என்று தெருவில் இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்தினால் மழை வரும். எங்கள் தோட்டத்தில் யாரும் அதுவரை செய்ததில்லை. வீராசாமி தன் அப்பா சொல்லக் கேட்டிருந்தார். பொம்மையை எரித்துவிட்டுக் கூரையையும் பிரிப்பது என்று முடிவானது.

ஒரே ஒரு சிக்கல். தோட்டத்தில் ஒப்பாரி பாடத் தெரிந்தவர் பெரியநாயகி மட்டும்தான்.

"பாடறேன்" என்றார் அக்கா. "ஆனா கூரையத் தொடக்கூடாது. மூணு நாள் பாருங்க. மழ பேஞ்சா கூரை நிக்கட்டும். பேயலன்னா நானே ஏணி போட்டு என் கையால பிரிச்சிர்றேன்."

"பேஞ்சுச்சா இல்லையான்னு யாரு சொல்றது? மேற்கால தூறும், கெழக்கால காயும்" என்றார் தலைவர்.

"மழமானி சொல்லட்டும்."

வீராசாமி தலையாட்டினார். "நீ பொய் எழுத மாட்ட" என்றார்.

4

கொடும்பாவிக்குச் சட்டை கிடைத்துவிட்டது. பாவி யார் என்று அடையாளம் தெரிய வேண்டுமே என்று யாரோ இழுத்தார்கள். என் குவாட்டர்ஸ் கொடியில் குகனின் சாம்பல் நிறக் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே எடுத்துக் கொடுத்தேன். வேடிக்கைக்காக என்று அப்போது சொன்னேன். பொறாமை என்று இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் ஊர்வலம். தகரம் தட்டினார்கள், பொம்மை புழுதியில் புரண்டு வந்தது. குகன் எதிரே மோட்டார் சைக்கிளில் வந்து நின்று பார்த்தான்.

"அண்ணே, அது என் சிலுவார்லா!"

மூன்று மாதத்துக்குப் பிறகு தோட்டம் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவே அக்கா பாடினார்.

கணக்கெடுக்க வந்த ராசா
காத்துகூட சொல்லலையோ
காச்சட்ட போட்ட ராசா
காலு ரெண்டும் நோகலையோ

பாட்டு வேடிக்கைதான். அவர் அழுகை வேடிக்கையாக இல்லை. சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

பொம்மை எரிந்து முடிந்ததும் குகன் மெல்லச் சொன்னான். "மூணு நாள்ல மழ வராதுக்கா. எல்லா ரிப்போர்ட்டும் அதான் சொல்லுது."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"மூணு நாள் ரீடிங்காவது கெடைக்கும்ல" என்றார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கால்சட்டை கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

5

(இந்த இடத்தில் குகனின் காதல் ஒன்று இருந்தது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததால் நீக்கிவிட்டேன். குகன் மன்னிக்கவும்.)

6

முதல் நாள், மழைமானியில் பூஜ்யம். இரண்டாம் நாள், பூஜ்யம்.

மூன்றாம் நாள் நல்ல மழை பெய்ய வைத்துக் கதையை முடித்திருந்தேன். வீராசாமி நனைந்துகொண்டே கும்பிடுவார், அக்கா சிரிப்பார். ஒரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார். பெய்யவும் இல்லை என்பது வேறு விஷயம்.

நடந்தது இது. மூன்றாம் நாள் பெரட்டுக்கு முன்னால், என் குளியல் வாளியோடு கடைசி நிரைக்குப் போனேன். அரை டம்ளர் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றினேன். மிச்சத்தைச் சுற்றிலும் தெளித்தேன். எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு வீராசாமி நாலைந்து பேரோடும் ஓர் ஏணியோடும் வந்தார். முட்டிவலிக்காரர், வாய்க்காலைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்றார். சாட்சிக்கு நான் மட்டும் தாண்டிப் போனேன். அக்கா மழைமானியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த ஒரு கணத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு விரலை விட்டு முகர்ந்தார்.

"தம்பி," என்றார் தணிந்த குரலில், "மழ எப்பருந்து சோப்பு போட்டுக் குளிக்குது?"

அவர் நோட்டைத் திறந்தார். மழை என்ற கட்டத்தில் 4 என்று எழுதினார். பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வருடமாக அநேகமாகக் காலியாகவே கிடந்த கட்டம். அதில் எழுதினார்: மழை இல்லை. கிராணி ஊற்றியது.

"என்ன நாயகி?" வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீராசாமி கத்தினார். "மழையா, இல்லையா?"

அக்கா நோட்டை மூடினார்.

"புஸ்தகத்துல உள்ளத எழுதிட்டேன். அதுக்கு மேல எனக்கு வாய் வரல. கத எழுதுவேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறல்ல? நீ சொல்லு."

7

முடிவு அ: "மழைதான் தலைவரே!" என்கிறேன். கூரை நிற்கிறது. நோட்டில் உண்மை இருக்கிறது, தோட்டத்தில் பொய் இருக்கிறது. பொய் எழுத மாட்டாள் என்று ஊர் நம்பிய பெண், அதற்குப் பிறகு பெரட்டில் என் கூட்டலைத் திருத்துவதே இல்லை.

முடிவு ஆ: "இல்லை" என்கிறேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறுகிறார். முதல் தகட்டில் கை வைக்கிறார். அதற்குப் பிறகு... (இந்த வாக்கியத்தை ஏழு முறை தொடங்கிவிட்டேன். அந்தத் தகட்டுக்கு மேல் போக முடியவில்லை.)

அன்று என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நல்லவன் என்றோ அயோக்கியன் என்றோ என்னை முடித்துவிட்டு நீங்கள் தூங்கப் போய்விடுவீர்கள்.

வீராசாமி இன்னும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறார். இந்த முறை உங்களிடம். அவசரமே இல்லை. நீங்கள் பதில் சொல்லும்வரை கூரை நிற்கும். அக்காவுக்கு இன்னும் ஒரு நாள் ரீடிங் கிடைக்கும்.