குதிகால்

ஜேபெஸ் இறந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. நான்கு பேர் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி வாசலை நோக்கி நின்றார்கள். பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நடப்பது யார் என்று முடிவாகவில்லை.

"சட்டுனு சொல்லுங்கம்மா, தோளு போகுது," என்றார் தச்சர்.

"கூடப் பொறந்தவ நான். நான்தான்," என்றாள் திர்சா அத்தை.

"அம்மாதானே பொண்டாட்டி, அத்தை?" என்றாள் ஜேபெஸின் மகள் கெசாயா.

"எந்தப் பொண்டாட்டி? அத்துக்கிட்டு முப்பத்திரண்டு வருஷமாச்சு. நானே சாட்சி."

ஊரறிந்த கதைதான். இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மலைக்குப் பாதிரியார் ஏறி வருவது அரிது. வாசலின் குறுக்கே சாய்த்த துடைப்பத்தைத் தாண்டி உள்ளே வந்தால் கல்யாணம். ஒரு வருடத்துக்குள் பின்பக்கமாகத் தாண்டி வெளியேறினால் விடுதலை. தாண்டும்போது துடைப்பமோ கதவு நிலையோ மேலே பட்டால் இரண்டுமே செல்லாது. பன்றியை விற்கலாமா என்ற சண்டையில், பதினோராம் மாதம், அம்மாவும் அப்பாவும் பின்பக்கமாகத் தாண்டினார்கள். அன்று மழை. விட்டதும் கிளம்புகிறேன் என்றார் அப்பா.

கெசாயா பிறந்தது நான்கு வருடம் கழித்து. மழை அதற்குள் விட்டிருக்க வேண்டும் என்று சிறுவயதில் அவள் யோசித்ததுண்டு.

அப்பா கடைசிவரை விருந்தாளியாகவே இருந்தார். கதவைத் தட்டி, "வரலாமா, டார்கஸ்?" என்று கேட்டுத்தான் உள்ளே வருவார். சனிக்கிழமைகளில் தொப்பி நிறைய ஹேசல் கொட்டை கொண்டுவருவார். கோபம் வந்தால், "நான் ஒண்ணும் ஒம் புருஷன் இல்ல, எப்ப வேணா கெளம்பிடுவேன்," என்பார். அம்மா தட்டை வைப்பாள்.

இப்போது அவள் தன் துக்கத் தொப்பியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஏதாவது சொல்லேன். அப்பாவுக்குப் பின்னால நீதான் போகணும்."

அம்மா நாடாவை இறுக்கினாள்.

"திர்சா, அன்னைக்கு நான் என்ன பாவாடை?"

"சாம்பல் கம்பளி. தரையப் பெருக்கும்."

"அப்ப எங் காலப் பாத்தியா?"

அத்தை குனிந்து அம்மாவின் பாவாடை விளிம்பைப் பார்த்தாள்.

"பின்னால தாண்டினப்ப என் குதிகால் வெளக்குமாத்துல பட்டுது. குச்சி நல்லாவே குத்திச்சு."

"அடிப்பாவி! இத்தனை வருஷம் ஏன் அண்ணி சொல்லல?"

"சொல்லியிருந்தா கதவத் தட்டியிருப்பாரா?"

தச்சர் இருமினார். அத்தை ஒதுங்கி நின்றாள். அம்மா முன்னால் வந்தாள்.

பெட்டி வெளியேறும்போது அதன் மூலை கதவு நிலையில் ஒரு முறை தட்டியது.