ஸ்டாப்பர் பேக்குக்குக் காய்ச்சல்

குஷனைத்தான் உதைக்கப் போனேன், டீப்பாயை அல்ல, நேற்று சாயங்காலத்திலிருந்து இதைப் பதினைந்து பேருக்காவது சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்புவதாக இல்லை... எண்பத்தெட்டாவது நிமிடம், டிரா ஆனாலே போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம், எதிரில் ஆடுகிறவர்களோ வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய நாடு, நம் ஸ்டாப்பர் பேக், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள், சாதுவாக உருண்டு வருகிற பந்தை வெளியே அடிக்கக் காலை ஓங்குகிறான், காற்றை உதைக்கிறான், பந்து அவனைத் தாண்டிப் போய்... அவ்வளவுதான், இந்தியா வெளியே. ஆல்வின் வீட்டு ஹாலில் நான் எழுந்து நின்று, இப்படி அடிக்கணும்டா, இப்படி, என்று குஷனைத் தரையில் போட்டு நாற்பத்தாறு வயதுக் காலை வீசினேன். குஷன் அசையவில்லை. டீப்பாய் அசைந்தது, அதன் மேலிருந்த மூன்று காபி டம்ளரும் ஒரு தட்டு முறுக்கும் ஹாலெல்லாம் பரவின, என் கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அவனாவது காற்றை உதைத்தான், எனக்கு அதுகூட வாய்க்கவில்லை.

இப்போது காலை ஒன்பதரை, ஆல்வின் கார் ஓட்டுகிறான், பெரியநாயக்கன்பாளையம் தாண்டியாயிற்று, சாயிபாபா காலனியில் எலும்பு டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். என் செருப்பு நுழையாததால் என் மனைவி சண்முகப்பிரியா தன் பழைய செருப்பின் முன்பட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டுப் பெருந்துறைக்கு ஒரு சீர் விசேஷத்துக்குப் போய்விட்டாள், ரோஜாப்பூ வைத்த செருப்பு, வலது காலுக்கு மட்டும். ஆல்வின் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், எனக்காக அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறான். காரமடையில் இந்தியக் கால்பந்து பார்க்கிற ஆட்கள் மொத்தம் இரண்டே பேர், நானும் இவனும், பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத்தான் பார்க்கிறோம், ஒன்றாகத்தான் தோற்கிறோம். மற்றவர்களெல்லாம் கிரிக்கெட், இல்லையென்றால் நாலு வருடத்துக்கொருமுறை பிரேசில் என்று பனியன் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள். இவனும் இல்லையென்றால் அடுத்த தோல்வியை நான் யாரோடு பார்ப்பது... சே, ஏன் இவன் இல்லாமல் போகப் போகிறான், என்ன நினைப்பு இது.

நேற்று வாயை அடக்கியிருக்கலாம். டம்ளர்கள் உருண்டு நிற்பதற்குள் விரலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், எவன் சிபாரிசிலேயோ உள்ளே வந்தவன்தான்டா இவன், நல்லா ஆடறவனை வெளியே உட்கார வெச்சுட்டு இவனை இறக்கியிருக்கானுக, தேர்வுக் குழுவைத் தூக்கி உள்ளே போடணும்... கயல்விழி, ஆல்வினின் மனைவி, ஐஸ் எடுக்க உள்ளே போனாள். மகள் மதிவதனி, காலேஜில் இரண்டாம் வருடம், காபியைத் துடைத்துக்கொண்டே, அங்கிள் நீங்க ஸ்கூல் டீம்ல எந்த இடமுங்க என்றாள். ஸ்டாப்பர் பேக் என்றேன், விரல் வலியிலும் ஒரு கம்பீரம். அப்பாவும் அதேதானுங்களே, ஒரு டீம்ல ரெண்டு பேரா? அப்போதுதான் ஆல்வின் சொன்னான், துணியைப் பிழிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், மீட்டர் ரீடிங் சொல்வது போல. "பெருந்துறை மேட்ச் அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் கண்ணு. அங்கிள் ஆடுனாரு."

காய்ச்சல். முப்பது வருடமாக நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன், யார் கேட்டாலும், சில சமயம் யாரும் கேட்காமலும். நேற்று அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது ஏதோ மனப்பாடச் செய்யுள் போலிருந்தது. மண்டல அரையிறுதி, பதினோராம் வகுப்பு, பட்டியலில் அவன் பெயர், நான் எக்ஸ்ட்ரா. காலையில் அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள், நான் இறங்கினேன். ஆனால் காய்ச்சல்காரன் பஸ்ஸில் கூடவே வந்தானே, நறுக்கிய எலுமிச்சம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு கோட்டோரம் நின்றானே, வெளியே வந்த பந்து ஒன்றை நெஞ்சில் வாங்கி இறக்கி, வெறுங்காலால் அந்தக் கோடி வரைக்கும் அனுப்பினானே, நூற்றிரண்டு டிகிரியில் அப்படி அடித்தால் உடம்பு சரியாக இருந்தால் எங்கே போய் விழும், அந்தியூரிலா? இரண்டாம் பாதியில் பந்து என்னிடம் வந்தது. ஆமாம், சாதுவாகத்தான் வந்தது. காலை ஓங்கினேன். அதற்கு மேல் நினைக்க வேண்டாம், நேற்று ஒருதரம் டிவியில் பார்த்தாயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவனும் திட்டவில்லை, பரவால்லீங்க, பரவால்லீங்க என்றார்கள், கோல்கீப்பர்கூட. தோட்டத்து முதலாளி செங்கோடன் மகன் நான், பள்ளிக்கூடத்துக் கோல்போஸ்ட்டே அப்பா கொடுத்ததுதான், என்னை யார் திட்டுவது? அன்றைக்கு ஒருவன் நாலு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு நான் இவ்வளவு கத்த மாட்டேனோ என்னவோ...

முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார், நாளைக்கு நீதான் ஆடப் போற, நல்லாச் சாப்புடு. சாப்பிட்டேன். ரசத்துக்கு இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன். காலையில் வரப்போகிற காய்ச்சல் அவருக்கு முந்தின நாளே எப்படி... இல்லை, அப்பாவுக்கு எப்போதும் என்மேல் நம்பிக்கை அதிகம், அதனால் சொல்லியிருப்பார், பிள்ளையை உற்சாகப்படுத்த எந்த அப்பாவும் சொல்கிறதுதான். இல்லையா? ஆல்வினின் அப்பா ஐயாசாமி எங்கள் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார், அதற்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம். ஒன்றுமில்லை. ராத்திரியெல்லாம் இதே ஒன்றுமில்லைதான் விரலோடு சேர்ந்து விண் விண்ணென்று தெறித்தது.

துடியலூரில் லாரி ஒன்று குறுக்கே நின்றது. அந்த இடைவெளியில் கேட்டேவிட்டேன், சிரித்துக்கொண்டே, எனக்கு எதையும் சிரிக்காமல் கேட்கத் தெரியாது, ஏன் ஆல்வின், அன்னிக்கு நெசமாலுமே உனக்குக் காய்ச்சலா. அவன் கியரை மாற்றினான். இருக்குமுங்க, என்றான். இருக்குமுங்க! ஆகட்டுங்க, பாக்கலாமுங்க, இருக்குமுங்க, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் எழுபது வயது வரை ஒரு முறைகூட இல்லை என்று சொல்லாமல் காலம் தள்ளிவிடலாம், பெண் கேட்டுப் போன இடத்தில் பாக்கலாமுங்க என்றால் நாங்கள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், எங்களுக்குப் புரியும். இருக்குமுங்க என்றால்? புரியாத மாதிரி இன்னொரு தரம் கேட்டேன், காய்ச்சல்னா எத்தனை டிகிரி இருந்திருக்கும். அதை உடுங்க, வெரலு எப்படி இருக்குது, என்றான். விரல் நன்றாகத்தான் இருக்கிறது, செத்துப்போய்விட்டது. விட்டுவிடலாம், அவனே விடச் சொல்கிறான், அடுத்த போட்டி வரும், அவன் வீட்டு ஹால் இருக்கிறது, கயல்விழி காபி வைப்பாள்... ஆனால் அங்கே உட்கார்ந்து இன்னொரு தரம் எப்படிக் கத்துவேன், சிபாரிசு என்று?

டாக்டர் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினான். இறங்கி என் பக்கம் சுற்றி வந்து கதவைத் திறந்து, காலைப் பிடித்து இறக்கிவிடக் குனிந்தான், வேண்டாம் என்று அவன் தோளைப் பிடித்தேன். எதிரே ஒருவர் மாவுக்கட்டுக் கையோடு எங்களை வேடிக்கை பார்க்கிறார். சிரிப்பு வரவில்லை, முதல் தடவையாக வரவில்லை. "இருக்கும்னு சொல்லாம சொல்லுங்க ஆல்வின். காய்ச்சலா இல்லையா?" சொல்லுங்க என்றது நானா? முப்பது வருடத்தில் நான் அவனுக்கு ங்க போட்டதில்லை, அவன் எனக்கு ஒருநாளும் விட்டதில்லை. அவன் நிமிர்ந்தான். கோபம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினேன், இருந்தால் சௌகரியமாக இருக்கும்.

"இல்லீங்க," என்றான். "காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மொத நாள் பொழுதோட உங்கப்பா எங்கூட்டு வாசல்ல வந்து சொன்னாருங்க. காத்தால எங்கப்பன் பஸ்ஸுகிட்ட வந்து, பையனுக்குக் காய்ச்சலுங்கன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிப்போட்டுப் போனாரு."

அப்பா இப்படிச் செய்வாரென்று எனக்கு எப்படிடா தெரியும், என்று வாய் தயாராகிவிட்டது.

"நீங்க பக்கத்துலதானுங்க இருந்தீங்க," என்றான் ஆல்வின். "படியில உக்காந்து பூட்ஸுக்கு லேஸ் கட்டிக்கிட்டு. எங்கப்பன் சொல்லி முடிக்கற வரைக்கும் கட்டுனீங்க."