மகள் வாசித்தது

பதிப்பகத்துக்காரரின் அழைப்பு வந்தபோது அவள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ரத்தப் பரிசோதனை முடிவு கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தாள். காகிதம் கையில் இருந்தது. அதை எப்படிப் படிப்பது என்று ஐந்து வருடத்துக்கு முன்பே பழகியிருந்தாள். பெயர், வயது எல்லாவற்றையும் தாண்டிக் கண் நேராக மூன்றாவது வரிக்குப் போய் நின்றது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மறுபடியும் ஏறியிருந்தது.

"மேடம், நல்ல சேதி. பத்தாம் பதிப்பு போறோம்," என்றார் அவர். "ஒரு சின்ன முன்னுரை வேணும். பொண்ணு இப்ப எப்படி இருக்கா, என்ன படிக்கறா, அவ்வளவுதான். ரெண்டு பக்கம் போதும். வாசகருங்க அதைத்தான் கேக்கறாங்க."

"எழுதித் தரேன்," என்றாள். வேறு யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போலிருந்தது.

அவள் எழுத்தாளர் இல்லை. பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஓட்டுநருக்கு எப்போது ஓய்வு என்று கட்டம் கட்டமாக நிரப்புவதுதான் இருபது வருடமாக அவளுடைய எழுத்து. மகளுக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து நூற்றுப் பதினேழு நாட்கள் மருத்துவமனையில் கிடந்தபோது, கை சும்மா இருக்க முடியாமல் பழைய அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தாள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒருத்தி அதை வாங்கிப் படித்து அழுதாள். அவள் இன்னொருவரிடம் கொடுத்தாள். அது கைமாறிக் கைமாறி, துன்பத்தில் இருப்பவர்களுக்கான நம்பிக்கைப் புத்தகங்கள் மட்டுமே போடும் அந்தப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 'நூற்றுப் பதினேழு நாட்கள்' என்று பெயர் வைத்தார்கள். பின்னட்டையில் அவளும் மொட்டைத் தலையோடு மகளும் சிரிக்கும் படம். "இந்த இடம் கொஞ்சம் இருட்டா இருக்கு மேடம், படிக்கறவங்களுக்குத் தெம்பு வரணும் இல்லையா," என்று பதிப்பகத்துக்காரர் பென்சிலால் கோடு போட்ட இடங்களையெல்லாம் அவள் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டாள். போடாத இடங்களிலும் தானாகவே சிலதை எடுத்தாள்.

புத்தகம் ஓடிற்று. கடிதங்கள் வந்தன. கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். மேடையை விட்டு இறங்கினால் முன்பின் தெரியாதவர்கள் அவள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சொல்லிச் சொல்லி, நடந்ததைவிட எழுதியதே அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எப்போதிலிருந்து நம்பத் தொடங்கினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

மகள் மட்டும் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. "அதுல வர்ற பொண்ணு அழவே மாட்டாளாமே, கிளாஸ்ல சொன்னாங்க," என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், அவ்வளவுதான். இப்போது பதினாலு வயது. நோய் திரும்பி வந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்று, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் அவள் அப்பா, எந்த நட்டு எங்கே கழன்றது என்று தேடுகிறவர் போல அந்த அறிக்கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"இந்தத் தடவை எழுதாதே," என்றாள்.

அவள் எழுதவில்லை. எழுத எதுவும் வரவில்லை. கும்பிடக்கூட வரவில்லை. கண்ணை மூடினால், பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பது போல, புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்களே வரிசையாக வந்து நின்றன. ஒருநாள் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தன் புத்தகத்தையே பிரித்துப் படித்துப் பார்த்தாள். ஊரில் இத்தனை பேருக்குத் தெம்பு கொடுத்தது தனக்குக் கொடுக்காதா என்ற நப்பாசைதான். நான்கு பக்கம் படித்தாள். அதில் இருந்த தாய்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு கொடுத்து வைத்தவள், நம்பினாள், கிடைத்தது. மூடி வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் மூன்றாவது வாரம், குடிநீர்க் குழாய் பக்கத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் தயங்கித் தயங்கி அருகே வந்தார். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர். முன்னங்கை முழுக்கத் தீப்பொறி பட்ட புள்ளிகள். எதிர் வார்டில் அவர் மனைவி ஈரலில் கட்டியோடு படுத்திருந்தாள். அவர் அக்குளில் இடுக்கியிருந்த புத்தகத்தை எடுத்தார், அவளுடைய புத்தகம். ஓரங்கள் மடங்கி, அட்டை பிய்ந்து, ஒட்டுத்தாள் போட்டிருந்தது. அவர் பின்னட்டையைத் திருப்பி, படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அம்மா, இது நீங்கதானே. தினம் என் வீட்டம்மாவுக்கு இதைத்தான் படிச்சுக் காட்டறேன். இது மூணாவது தடவை. பாப்பா எப்படி இருக்கு?"

அவள் மகள் பத்தடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம், ஊசி ஏறிய கையோடு படுத்திருந்தாள்.

"நல்லா இருக்கா. ஒன்பதாவது படிக்கறா," என்றாள் அவள். "தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பாக்க வந்தேன்."

அந்த ஆள் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்க அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுக்க இடம் கொடுக்காமல், மனைவியின் கட்டிலுக்கு அழைத்துப் போனார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் இவளை மேலும் கீழும் பார்த்தாள். கணவர் மூச்சு விடாமல் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்குக் கோவமே வரலியா?"

"நம்பினேன்," என்றாள் இவள். மேடையில் சொல்லிப் பழகிய பதில். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும்போது, கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல இவளுக்குக் காது சுட்டது.

அதற்குப் பிறகு அவள் பாடு கண்ணாமூச்சி ஆட்டமாகிவிட்டது. வெல்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் மகளின் கட்டில் திரையை இழுத்து மூடினாள். எதிரே வந்துவிட்டால் படிக்கட்டு வழியாக ஒரு மாடி இறங்கி, இன்னொரு பக்கமாக ஏறி வந்தாள். பத்துப் பதினைந்து நாள் இப்படியே போயிற்று. மகள் எதையும் கேட்கவில்லை. மருந்தின் இரண்டாவது சுற்றும் சரியாகப் பிடிக்கவில்லை என்று மருத்துவர் நடைபாதையில் நின்று சொன்னார். மூன்றாவது சுற்றுக்கு உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். பார்க்க வேண்டும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை விடுப்பை நீட்டிக்கக் கையெழுத்துப் போட அவள் பணிமனைக்குப் போயிருந்தாள். நான்கு மணிக்குத் திரும்பி வந்தபோது மகளின் கட்டில் காலியாக இருந்தது. போர்வை விலகிக் கிடந்தது. மருந்து பாட்டில் மாட்டும் கம்பியையும் காணோம். அவள் நர்ஸ் மேசைக்கு ஓடினாள்.

"பதறாதீங்க, எதிர் வார்டுலதான் இருக்கா," என்றாள் நர்ஸ். "அந்த வெல்டர் அண்ணன் வேலைக்குப் போகணுமாம். சம்சாரத்துக்குப் புத்தகம் படிச்சுக் காட்ட யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டு நின்னார். உங்க பொண்ணுதான் நான் போறேன்னு எழுந்தா. அவருக்கு உங்களைத் தெரியும் போல. நீங்க அவரைக் கண்டா ஒதுங்கறீங்களே, அதான் இது உங்க பொண்ணுன்னு நான் சொல்லல."

அவள் ஓட்டமும் நடையுமாக எதிர் வார்டுக்குப் போனாள். கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே மகளின் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல, நிறுத்தி நிதானமாகக் கேட்டது.

"அன்று எண்பத்தொன்றாம் நாள். முதுகில் ஊசி போடுவதற்காக மருத்துவர் வந்தார். என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, பயப்படாதே, கடவுள் நம் கூடவே இருக்கிறார் என்றாள்."

வாசிப்பு நின்றது. திரையை விலக்கப் போன அவள் கை அப்படியே நின்றது.

"அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லவே இல்ல," என்றாள் மகள், வேறு குரலில். "ஊசி குத்தறப்ப அம்மா கையைக் கடிச்சா. ரத்தம் வந்துச்சு. அம்மா ஓங்கி ஒரு அறை விட்டாங்க. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் குழாயைத் திறந்து விட்டாங்க, யாருக்கும் கேக்காதுன்னு. கேட்டுச்சு. போதும், அவளை எடுத்துக்கோ, என்னால பாக்க முடியலன்னு சாமிகிட்ட சொன்னாங்க. மூணு தடவை சொன்னாங்க."

அவள் திரைத் துணியைப் பிடித்துக்கொண்டாள். உண்மைதான். அப்படித்தான் சொன்னாள், மூன்று தடவைதான் சொன்னாள். பெற்ற பிள்ளையின் சாவைக் கேட்ட வாய் இது. கட்டினவரிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. தாளில் எழுதி அடித்ததும் இல்லை. தண்ணீர்ச் சத்தம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஐந்து வருடமாக நினைத்திருந்தாள். அந்த ஐந்து வருடமும் இந்தப் பிள்ளை அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பல் தேய்த்து, தலை வாரிக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. கூட்டத்துக்குக் கிளம்பும் அம்மாவுக்குப் புடவை மடிப்பு எடுத்து விட்டிருக்கிறது.

"அப்படியா போட்டிருக்கு?" என்று கேட்டது உள்ளே அந்தப் பெண்ணின் நைந்த குரல்.

"ம்."

"நீ பக்கத்தைத் திருப்பவே இல்லையே."

மகள் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. அவர் பாவம்," என்றாள்.

"சொல்லல." அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "அம்மா வெளிய வந்தப்ப அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?"

"தூங்கற மாதிரி நடிச்சா."

"கோவமா?"

"கோவம் இல்ல. பயம். அவங்க கேட்டதை சாமி குடுத்துடுவாரோன்னு. ராத்திரியெல்லாம் கண்ணை மூடாம பாத்துட்டே இருந்தேன்." மகள் அதைத் தன்னுடைய கதையாகவே சொல்லத் தொடங்கியிருந்தாள். அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. "ஆனா குடுக்கல. அப்பத்தான் தெரிஞ்சுது, எங்கம்மா கேக்கறதையெல்லாம் அவர் குடுக்கறது இல்லன்னு. நிம்மதியா இருந்துச்சு. இப்ப என்னடான்னா, என்னைக் காப்பாத்துன்னு கேட்டுட்டு இருக்காங்க. வாய்விட்டுக் கேக்கறது இல்ல, ஆனா எனக்குத் தெரியும். அதான் இப்பத் திரும்பவும் பயமா இருக்கு."

அந்தப் பெண்ணிடமிருந்து சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வெளியே நின்றிருந்த அவள் திரையை இழுத்தாள். கம்பியில் வளையங்கள் கரகரவென்று ஓடின. மகள் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. மருந்து சொட்டிக்கொண்டிருந்த கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். முகத்தில் திடுக்கிடல் இல்லை. எல்லாவற்றையும் அம்மா கேட்டுவிட்டாள் என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண்ணைத் தாழ்த்தவும் இல்லை.

அம்மா வாயைத் திறந்தாள். மேடைப் பேச்சும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வரிசையாக வந்து நிற்கும் அந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

கட்டிலில் கிடந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கட்டில் விளிம்பைப் பற்றி, போர்வைக்குள் இருந்த கால்களை ஒவ்வொன்றாகச் சுவரோரமாக நகர்த்தினாள். வெகுநேரம் பிடித்தது. கால்மாட்டில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு விரிப்பில் வெள்ளையாக இடம் விழுந்தது.