உதடு காட்டிய கதவு

2019 மார்ச் பதினேழு, ஞாயிறு பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தபோது, நாடு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகிவிட்டதாக வானொலி சொன்னது. கடலோர ஊரான நவோட்டாஸின் மீன் சந்துக்காரர்கள் காவலர் தெல்ஃபினின் உதட்டைப் பார்த்தார்கள். அது நேராகவில்லை.

அந்த ஊரில் யாரும் விரல் நீட்டி வழி காட்டுவதில்லை. உதட்டைக் குவித்து அந்தப் பக்கம் நீட்டுவார்கள். போதை மருந்து விற்கிறவர்களைத் தேடித் தேடிச் சுட்ட காலத்தில், முகமூடி போட்ட இருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஆர்னல் வீடு எது என்று கேட்டபோது, தெல்ஃபினும் அப்படித்தான் காட்டினார். கேட்டவன் யாரென்று குரலிலேயே தெரிந்தது. ஆர்னல் வலை பின்னுகிறவன், வேறொன்றும் அறியாதவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆர்னலை வாசலிலேயே சுட்டார்கள். அன்றிலிருந்து, எங்கே நின்றாலும் அவர் உதடு துறையோரத்து அந்த வீட்டுக் கதவையே காட்டியது. பேசலாம், கஞ்சி குடிக்கலாம். வாய் ஓய்ந்ததும் திரும்பிவிடும். மழை கரையை மறைத்தால் படகுக்காரர்கள் அவரை முன்னால் உட்காரவைத்துத் துறை சேர்ந்தார்கள். கூலியாகக் கொடுத்த மீனை அவர் ஆர்னலின் மனைவி பெர்லிதாவின் வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவள் பூனைகளுக்குப் போட்டாள்.

அந்தக் கொலைகளைப் பற்றிக் கேள்வி கேட்க நீதிமன்றத்து ஆள் வருவதற்குள் விலகுவது நல்லது என்று மேலிடம் நினைத்தது. நம் ஊர்ப் பிணத்தை வெளியூர்க்காரன் எண்ணுவானேன் என்றது சந்து. எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் தெல்ஃபின்.

"இனிமே யாரும் உன்னைக் கேக்க முடியாது, அண்ணே. உதட்டை உள்ள இழுத்துக்க," என்றான் மீன் தரகன் சிசோ.

"நான் ஒண்ணும் சொல்லலடா. விரலைக்கூடத் தூக்கல."

"அதான் வாயப் பாத்தாலே தெரியுதே!"

சந்து சிரித்தது. கோயில் கன்னியாஸ்திரீ மட்டும் சிரிக்கவில்லை. "விலகுறதுக்கு முன்னாடி நடந்தது நடந்ததுதானாம். அதை அவங்க விசாரிக்கலாமாம்," என்றார்.

பெருந்தொற்று வந்தது. முகக்கவசம் உதட்டை மறைத்தது. துணி அந்தப் பக்கமே துருத்திக்கொண்டு நின்றது. ஆட்சி மாறியது. ஒரே மேடையில் கைகோத்து நின்றவர்கள் பகைத்துக்கொண்டார்கள். அந்த நீதிமன்றத்தை வராதே என்று சொன்ன நாடு, சுட்ட காலத்தில் ஆண்ட பழைய ஆட்சிக்காரரைத் தானே விமானம் ஏற்றி அங்கே அனுப்பியது. நீதிக்காகவா, பகைக்காகவா என்று சந்தையில் வாக்குவாதம் நடந்தது. மீன் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

விமானம் கிளம்பிய மறுநாள் காலை தெல்ஃபினின் உதடு முதன்முறையாகக் கதவை விட்டது. வடமேற்கே, விமானம் போன பக்கம் திரும்பி நின்றது. இனி துறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படகுக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். வேறு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலையில் அவர் மீனோடு போனபோது பெர்லிதா வாசலில் நின்றிருந்தாள். பூனைகளை விரட்டிவிட்டு, மீனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"சிஸ்டர் நாளைக்கு வக்கீலைக் கூட்டிட்டு வர்றாங்க," என்றாள். "அன்னிக்கு வாயத் திறக்காமலே காட்டுனீங்க, அண்ணே. நாளைக்குத் திறந்து சொல்லுவீங்களா?"