வலிப்பு நின்ற வீடு

கூடத்தில் மாமியார், இளைய மருமகள் விஜயலக்ஷ்மிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அடுக்களை வாசலில் நின்று லலிதாம்பாள் அதைப் பார்த்தாள். கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் தலை பின்னிவிடுகிற கூத்து கரமனை அக்ரஹாரத்தில் வேறெந்த வீட்டில் நடக்கும்? மூத்த மருமகள் அடுப்போடு மல்லாடுவாளாம், இளையவள் உட்கார்ந்து பூத்தொடுப்பாளாம். காரணம் காக்காய் வலிப்பு. நெருப்பருகே விடக்கூடாது, ஆற்றுக்குத் தனியே அனுப்பக்கூடாது. போன ஆடியில் லலிதாம்பாள் ஜுரத்தில் கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்க நாதியில்லை. தனக்கும் ஒரு வலிப்பு வந்தால் என்ன என்றுகூட அப்போது நினைத்தாள்.

புது டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரையில் வலிப்பு நின்றே போயிற்று. விஜயலக்ஷ்மியின் புருஷன் சாம்பசிவன் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். இளையவள் அடுக்களைக்கும் வர ஆரம்பித்தாள். ஆனால் பூ வைத்துக்கொள்ள மறந்தாள். ஆசையாகச் சாப்பிடும் அடைப் பிரதமன் பாயசத்தைத் தொடவில்லை. சாம்பசிவன் கச்சேரி உத்தியோகம் முடிந்து வந்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளுடைய ஒவ்வொரு சிரிப்பையும் வயிற்றெரிச்சலோடு பார்த்துப் பழகிய லலிதாம்பாளுக்கு, அந்தச் சிரிப்பு காணாமல் போனது உடனே தெரிந்துவிட்டது.

"எத்தனை சாந்தமாயிட்டா பாத்தியா! மருந்தோட குணமாக்கும்" என்றாள் மாமியார். பிறகு இளையவளிடம், "நாளைலேர்ந்து தனியாவே ஆத்துக்குப் போய்க் குளிக்கலாம், கேட்டியா" என்றாள். வருஷக்கணக்காக அதற்குக் கெஞ்சியவள், "சரி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் விஜயலக்ஷ்மி தன் ஜிமிக்கிகளைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"மன்னி, இது ஒங்களுக்கு. எனக்கு இனிமே எதுக்கு?"

லலிதாம்பாளின் கை முதலில் நீண்டுவிட்டது. அப்புறம்தான் திக்கென்றது.

"எதுக்குன்னா? என்னடி பேசறே? சாகணும்னு தோணறதா?"

"எப்பவும் தோணறது மன்னி. மாத்திரை ஆரம்பிச்சதுலேர்ந்துதான். முன்னே இப்படி இருந்ததில்லை. எல்லாரும் இத்தனை சந்தோஷமா இருக்கறச்சே எப்படிச் சொல்றது?"

லலிதாம்பாள் அவள் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். தான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள் என்று தெரிந்தே சொன்னாள்.

"அவ நன்னா இருக்கறது ஒனக்குப் பொறுக்கலை, அதாக்கும்!" மாமியார் கத்தினாள்.

"ஆமாம்மா, பொறுக்கலை. அவளை நீங்க சீராட்டினது ஒருநாளும் பொறுத்ததில்லை. அதனாலதான் கண்ணெடுக்காம அவளையே பாத்துண்டிருந்தேன். அவ நன்னா இல்லைம்மா. நீங்களே கேளுங்கோ."

மாமியார் கேட்டாள். விஜயலக்ஷ்மி அழுதாள். அந்த வீட்டில் அவள் அழுது பல நாளாயிற்று.

கச்சேரியிலிருந்து வந்த சாம்பசிவன் விஷயம் கேட்டதும், தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் ஜட்கா வண்டி பிடிக்க ஓடினான். டாக்டர் என்ன சொல்வார், மருந்தை மாற்றுவாரா, மறுபடி வலிப்பு வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் விஜயலக்ஷ்மி லலிதாம்பாளின் தோளில் சாய்ந்துகொண்டாள். எதிரே இருந்த மாமியார் கையை நீட்டினாள்.

"இங்கே என் மேலே சாஞ்சுக்கட்டும்டி."

"வேண்டாம், எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் லலிதாம்பாள். வண்டி பாலத்தில் ஏறிக் குலுங்கியது. அவள் விஜயலக்ஷ்மியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.