மூன்று நாள் வாரம்

2002 ஜனவரி ஒன்று முதல் மார்ச் ஏழு வரை, நாரணாபுரத்தில் சீனிச்சாமியின் வீட்டில் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள்தான் விடிந்தது: செவ்வாய், புதன், வியாழன். மற்ற நாட்களில் அவருடைய இருமல் பாதியில் நின்றது. அவர் மனைவி பொன்மணி வடித்த சோறு புளிக்கவில்லை. மின்வாரிய ஆள் வந்து பார்த்து, லைனில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கோளாறு காலண்டரில் இருந்தது. 1973 கடைசியில், சிவகாசி அச்சக முதலாளி தனுஷ்கோடி லண்டன் கடை ஒன்றுக்கு மூவாயிரம் காலண்டர் அடித்தார். மிஷின் ஓட்டியவர் சீனிச்சாமி. படம், விளக்கெரியும் லண்டன் தெரு. கோடியில் ஒரு தொழிற்சாலை. நேரம் பார்த்து இங்கிலாந்தில் எண்ணெய் விலை ஏறியது, நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் கூலி கேட்டு முறுக்கிக்கொண்டார்கள், மின்சாரம் போதாமல் அரசாங்கம் புது வருஷத்திலிருந்து தொழிற்சாலைகளை வாரம் மூன்று நாள்தான் ஓட்டச் சொன்னது. கடைக்காரர் ஆர்டர் வேண்டாமென்று தந்தி அடித்தார். தனுஷ்கோடி சீனிச்சாமியை வேலையிலிருந்து நிறுத்தினார். சீனிச்சாமி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கப் போனார். இங்கிலாந்தில் கரி வெட்டாததற்கு நாரணாபுரத்தில் ஒருவருடைய நெஞ்சு கரியானது.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2002-க்கும் 1974-க்கும் தேதி, கிழமை எல்லாம் அப்படியே பொருந்துவதைத் தனுஷ்கோடி கண்டுபிடித்தார். கழிந்துபோன வருஷத்தைக்கூட வீணாக்காத ஊர் இது. கிடங்கில் தேங்கிக் கிடந்த அந்தக் காலண்டர்களில் 1974-ன் மேல் 2002 என்று ஸ்டிக்கர் ஒட்டி வீடு வீடாகக் கொடுத்தார். ஒரு மாதம்தான் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டிருந்த சீனிச்சாமி, தான் அடித்த வண்ணத்தை அடையாளம் கண்டு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். 1974 வெளியே வந்தது. படத்தில் விளக்குகள் அணைந்தன. அவருடைய முப்பது நாள் பத்து வாரமாக நீண்டது.

வாரம் ஒருமுறை தனுஷ்கோடி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார். மன்னிப்புக் கேட்க வந்தவர், மிளகாய் வற்றல் விலையைப் பேசிவிட்டு எழுந்து போவார்.

"மொதலாளி, ஒம்பது பாட்டிலாச்சு. சொல்ல வந்ததச் சொல்லிருங்க, இல்லாட்டி நான் கடை வச்சிருவேன்."

"வர்ற வாரம் சொல்றேம்லே."

"அதுக்குள்ள லண்டன்ல கவர்மெண்டு கவுந்துட்டா?"

இங்கிலாந்து ஆட்சி கவிழக் கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டவர் ஜில்லாவிலேயே தனுஷ்கோடி ஒருவர்தான். அம்மன் அயல்நாட்டு விவகாரத்தில் தலையிடவில்லை. பிப்ரவரி 28 அன்று படத்துத் தெருவில் கோட்டு போட்டவர்கள் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. நாலைந்து நாளில் பழைய அரசாங்கம் போனது; புது அரசாங்கம் மூன்று நாள் உத்தரவை எடுத்துவிட்டது. மார்ச் எட்டு, வெள்ளிக்கிழமை, அந்த வீட்டிலும் விடிந்தது. படத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. சீனிச்சாமி பாதி இருமலை முடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பத்தாவது பாட்டிலோடு வந்த தனுஷ்கோடி, வாசலில் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"அன்னிக்கு அவன நிறுத்திருக்கக் கூடாது, தாயி."

பொன்மணி காலண்டரைக் காட்டினாள். தொழிற்சாலைக்குள் போகும் கோட்டுகளுக்கு நடுவே, தூக்குச்சட்டியோடு ஒரு கைலி.

"அங்கன போயில்ல சொல்லணும், மொதலாளி. குளிருமே, துப்பட்டியக்கூட எடுக்காமப் போயிட்டாக."

தனுஷ்கோடி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சீனிச்சாமியின் நடைதான். அங்கேயாவது இவனை நிறுத்திவிடாமல் இருக்க வேண்டும் என்று, இன்னொரு மாவிளக்கு நேர்ந்துகொண்டார்.